கை உயர்த்தி ஆடுபவர்களின் தோள் இறுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பின்னேரம் நாலரை மணிக்கு எந்த ஊர் மைதானத்தை எட்டிப் பார்த்தாலும் ஒரு கரப்பந்து வலை கட்டியிருக்கும். வலைக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் வலது தோளைப் பிடித்தபடி கையைச் சுழற்றிக்கொண்டு நிற்பான். நானும் அப்படி நின்றவன்தான். பன்னிரண்டு வருடம் ஊர்க் கழகத்துக்கு வலையோரம் நின்று அடித்தேன், அதில் கடைசி இரண்டு வருடம் முதுகுக்குச் சவர்க்காரம் போடக்கூட வலது கை பின்னால் போகாது. இப்போது பிள்ளைகளுக்குக் கரப்பந்தும் ஈட்டியும் பழக்குகிறேன். நான் வைத்தியர் இல்லை. என் தோளைச் சரிப்படுத்திய இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கற்றதும், பிறகு தேடி வாசித்ததும், மைதானத்தில் கண்ணால் கண்டதும்தான் கீழே இருக்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

அண்ணை, தோள் இறுகிப்போச்சு. இழுத்து விட்டால் சரிவருமா?

எந்தப் பக்கம் இறுக்கம் என்று பார்க்காமல் இழுக்க வேண்டாம். என் முதல் பதிலும் முக்கியமான பதிலும் இதுதான்.

கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அடிக்கிற, எறிகிற ஆட்களின் தோள் ஒரே மாதிரி எல்லாப் பக்கமும் இறுகுவதில்லை. முன்பக்கம் பெரும்பாலும் தளர்ந்து போயிருக்கும், ஏனென்றால் ஓங்குகிற ஒவ்வொரு தடவையும் கை பின்னுக்கு வளைந்து முன்பக்கத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இறுகுவது வேறு இடங்கள்: தோள்மூட்டின் பின்பக்கம், நெஞ்சுக்குள் இருக்கிற சிறிய தசை, கமக்கட்டுக்குக் கீழே நாரி வரைக்கும் இறங்குகிற அகன்ற முதுகுத் தசை, அதோடு நடு முதுகு. ஆனால் எங்கள் மைதானங்களில் என்ன செய்கிறோம்? ஒருவன் நிற்க, இன்னொருவன் பின்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறான். ஏற்கனவே தளர்ந்த முன்பக்கத்தை இன்னும் தளர்த்துகிற வேலை அது. இறுகின பின்பக்கம் அப்படியே கிடக்கும். தயவுசெய்து இதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பின்பக்கம் ஏன் இறுகுகிறது?

கை வேகமாக முன்னுக்குப் போவதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம், அந்தக் கையை யார் நிறுத்துவது என்று யோசிப்பதில்லை. பேஸ்போல் எறிபவர்களிடம் அளந்து பார்த்ததில் மேற்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் விநாடிக்கு 7000 பாகை அளவில் வந்திருக்கிறது, மனித உடம்பின் மூட்டு அசைவுகளில் மிக வேகமானவற்றில் அதுவும் ஒன்று. கரப்பந்து அடி அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் முறை அதேதான். பந்து கையை விட்டுப் போன பிறகு, தோளுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தசைகள் நீண்டபடியே பிறேக் பிடிக்க வேண்டும். ஒரு பின்னேரத்தில் நூறு தடவை, கிழமைக்கு ஐந்து நாள். அடுத்த நாள் காலையில் விறைப்பாக இருப்பது அதனால்தான். அந்த விறைப்பு இளகுவதற்குள் மறுபடி ஆடினால் மெல்ல மெல்ல அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எனக்கு இறுக்கம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பாயும், மடித்த துவாயும், கூட ஒரு ஆளும் போதும். இதை அவசரப்படாமல் வாசியுங்கள்.

மல்லாக்கப் படுங்கள். கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு விரித்து, மேற்கைக்குக் கீழே துவாயை வைத்து, முழங்கையை 90 பாகை மடியுங்கள். விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். கூட இருப்பவர் உங்கள் தோளின் முன்பக்கத்தில் உள்ளங்கையை மெதுவாக வைத்திருக்கட்டும். இப்போது முன்கையைக் கால் பக்கமாகச் சரியுங்கள், உள்ளங்கை பாயைத் தொடப் போவது போல. தோள் பாயை விட்டு எழும்பத் தொடங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும், அந்த இடம்தான் உங்கள் உட்சுழற்சி. பிறகு மறுபக்கம், தலைமாட்டை நோக்கிச் சரியுங்கள். அது வெளிச்சுழற்சி. முன்கையோடு போனைச் சேர்த்துப் பிடித்து, மட்டம் பார்க்கிற செயலியைத் திறந்தால் பாகையும் தெரியும். இரண்டு கைக்கும் செய்யுங்கள்.

அடிக்கிற கையில் வெளிச்சுழற்சி கூடி, உட்சுழற்சி குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். சின்ன வயதிலிருந்து எறிந்து வளர்ந்தவர்களுக்கு மேற்கை எலும்பே கொஞ்சம் முறுகிய வாக்கில் வளர்ந்திருக்கும். எலும்பை இழுத்து மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டின் கூட்டுத்தொகை. வலது கை 115 உம் 45 உம், இடது கை 95 உம் 65 உம் என்றால் இரண்டும் 160, சரிதான். வலது கை 115 உம் 33 உம் என்று வந்தால் கூட்டுத்தொகை 148, அதாவது 12 பாகை காணாமல் போயிருக்கிறது. பொதுவாக இரு பக்கக் கூட்டுத்தொகையும் 5 பாகைக்கு மேல் வித்தியாசப்பட்டால் கவனிக்க வேண்டும் என்பார்கள்.

போன வருடம் ஒரு பொடியனைப் பாயில் படுக்க வைத்துப் பார்த்தேன். இடது கை கால் பக்கமாகச் சரிந்து பாய்க்கு ஒரு சாணுக்குள் வந்தது. வலது கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது, இன்னும் கொஞ்சம் என்று அவன் முயன்றபோது என் உள்ளங்கைக்குள் அவனுடைய தோள் உருண்டை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பியது. அவன் அதுவரை ‘எனக்குத் தோள் நல்லா வளையும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். வெளிச்சுழற்சியை மட்டும் பார்த்தால் அது உண்மைதான்.

சரி, பின்பக்கம் இறுக்கம் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

இரண்டு நீட்டல் இருக்கின்றன. நான் முதலில் சொல்லிக் கொடுப்பது கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுப்பது. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பத்தில் எட்டுப் பேர் பிழையாகச் செய்கிறார்கள். கையை இழுக்கும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே வந்துவிடும், அப்போது மூட்டின் பின்பக்கம் நீளவே நீளாது. அந்த எலும்பைப் பிடித்து வைக்க வேண்டும். வலைக் கம்பத்திலோ சுவரிலோ தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்தை அழுத்தி நில்லுங்கள், பிறகு மற்றக் கையால் முழங்கையைப் பிடித்துக் குறுக்கே கொண்டுபோங்கள். அல்லது அடிக்கிற பக்கம் கீழே இருக்கும்படி சரிந்து படுங்கள், உங்கள் உடம்பின் பாரமே எலும்பைப் பிடித்துக்கொள்ளும். 30 விநாடி, 5 தடவை, நாளுக்கு ஒரு முறை.

மற்றது அதே மாதிரிச் சரிந்து படுத்துச் செய்வது. மேற்கை உடம்புக்கு முன்னால் தோள் மட்டத்தில், அல்லது கொஞ்சம் கீழே. முழங்கை 90 பாகை, விரல்கள் கூரையைப் பார்க்கும். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பாயை நோக்கி மெல்ல அமத்துங்கள். இரண்டு விரலின் பலம் போதும். தோளுக்கு நேர் மேலே படுத்தால் மூட்டு நசிபடும், அதனால் உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சரித்துக்கொள்ளுங்கள். தலைக்குத் தலையணை வையுங்கள்.

இரண்டிலும் இழுவை தோளின் பின்பக்கத்தில் தெரிய வேண்டும். முன்பக்கத்தில் குத்துவது போல, கிள்ளுவது போல இருந்தால் முழங்கையை இன்னும் தாழ்த்திப் பாருங்கள். அப்போதும் குத்தினால் அந்த நீட்டல் உங்களுக்கு வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் பலன் கூடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், இந்த மூட்டில் அது நேர் எதிராகத்தான் வேலை செய்யும்.

நெஞ்சுத் தசைக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு?

நெஞ்சின் பெரிய தசைக்குக் கீழே சின்னதாக ஒன்று இருக்கிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் விலா எலும்புகளிலிருந்து கிளம்பி, தோள்பட்டை எலும்பின் முன்மூலையில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அது இறுகினால் தோள்பட்டை எலும்பு முன்னுக்குக் குனிந்துவிடும், கை மேலே போகும்போது அதற்கு வழிவிடாது. மல்லாக்கப் படுத்தால் ஒரு தோள் மற்றதை விடப் பாயிலிருந்து உயர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். மேசன் வேலைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் வருகிறவர்கள், இரவிரவாகப் போனைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது உண்டு.

கதவு நிலையில் முன்கையை வைத்து ஒரு அடி முன்னே போவது வழமையான முறை. அதைக் கையுயர்த்தி ஆடுபவர்களுக்கு நான் குறைவாகவே கொடுக்கிறேன், வேகமாக முன்னே சாய்ந்தால் அதே தளர்ந்த முன்மூட்டுத்தான் இழுபடும். துவாயை நீளமாகச் சுருட்டி முதுகந்தண்டு வாக்கில் வைத்து அதன்மேல் மல்லாக்கப் படுத்து, கைகளைத் தளர விட்டு, தோள்கள் இரண்டும் தாமாகப் பாயை நோக்கி இறங்க 2 நிமிடம் கிடப்பது நல்லது. ஒருவர் தோள் முனைகளை மெல்லப் பாய்ப் பக்கம் அமத்திப் பிடித்தால் இன்னும் நல்லது.

முதுகையும் பார்க்க வேண்டுமா?

ஓம், கட்டாயம். நடு முதுகு நிமிராவிட்டால் அந்தக் கடனைத் தோள்தான் கட்டும். அதே துவாயை இப்போது குறுக்காக, தோள்பட்டை எலும்புகளின் கீழ்மட்டத்தில் வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து, மூச்சை வெளியே விட்டபடி பின்னுக்குச் சாயுங்கள், 8 தடவை. நாரி வளையக் கூடாது, அதற்காக முழங்காலை மடித்து வையுங்கள்.

அகன்ற முதுகுத் தசைக்கு ஒரு வாங்கு போதும். முன்னால் முழந்தாளிட்டு, இரண்டு முழங்கையையும் வாங்கின் மேல் வைத்து, நெஞ்சைக் கீழே இறக்கி, பின்பக்கத்தைக் குதிக்காலை நோக்கிக் கொண்டுபோங்கள். கமக்கட்டிலிருந்து விலா வழியாக ஒரு நீண்ட இழுவை வரும். நெல் மூட்டை தூக்கி, மருந்து ராங்கி முதுகில் போட்டு, கரைவலை இழுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட உதவுகிறது என்பது என் அனுபவம்.

மாமரக் கிளையில் தொங்கினால் தோள் நீளும் என்கிறார்கள்?

நீளும். ஆனால் கால் பெருவிரல்கள் நிலத்தில் பட்டபடி பாதிப் பாரத்தோடு தொங்குங்கள், 15 விநாடி. தோள் கழன்று போகிற உணர்வு ஒரு தடவையாவது வந்தவர்கள் தொங்கவே வேண்டாம்.

ஆட்டத்துக்கு முன்னரா, பிறகா?

நீண்ட நேரம் பிடித்து வைக்கிற நீட்டல்கள் எல்லாம் ஆட்டத்துக்குப் பிறகு, அல்லது இரவு படுக்க முன்னர். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்துவிட்டு உடனே பந்தை அடித்தால் அந்த நேரத்துக்குப் பலம் கொஞ்சம் குறையும்.

ஆட்டத்துக்கு முன்னர் வேண்டியது சூடேற்றல். வேர்க்கும் வரை மெல்லோட்டம், பிறகு கைச் சுழற்சி சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்கு, சுவரில் முன்கைகளை வைத்து மேலே வழுக்குவது, பழைய சைக்கிள் ரியூப்பைக் கம்பத்தில் கட்டிப் பின்னுக்கு இழுப்பது 15 தடவை. அதன் பிறகு அரை வேகத்தில் பத்துப் பன்னிரண்டு அடி, முக்கால் வேகத்தில் இன்னும் கொஞ்சம். வெயில் கொளுத்துகிறது, உடம்பு சூடாகத்தானே இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டார். தோல் சூடாவது வேறு, தசைக்குள் இரத்தம் ஓடுவது வேறு. வந்த உடனே வலைக்கு மேலால் முழுப் பலத்தோடு அடிப்பதும், 800 கிராம் ஈட்டியைக் குளிர்ந்த தோளால் எறிவதும் வேண்டாம்.

நீட்டினால் மட்டும் போதுமா?

போதாது. இறுகின தசை பல நேரம் பலவீனமான தசையும்கூட. பிறேக் பிடிக்க முடியாமல் களைத்துப்போய்த்தான் அது இறுகுகிறது. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டிக் கம்பத்தில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு மடித்த துணியைச் செருகி, முன்கையை வெளிப்பக்கம் இழுங்கள். திரும்பி உள்ளே வரும்போது 3 விநாடி எண்ணி மெதுவாக விடுங்கள். அந்த மெதுவான பகுதிதான் மருந்து. 12 தடவை வீதம் 3 சுற்று, கிழமைக்கு 3 நாள். ரியூப் சுண்டி அடிக்கும், வெடிப்பு விழுந்ததைப் பாவிக்காதீர்கள்.

என் மகளுக்குத் தோள் இறுக்கம் என்கிறாள், ஆனால் கை எல்லாப் பக்கமும் வளைகிறதே?

பெருவிரலை மடித்தால் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்னுக்கு வளைகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அவளுக்கு மூட்டு இயல்பிலேயே தளர்வு. அவள் உணர்கிற இறுக்கம் தளர்ந்த மூட்டைத் தசைகள் இறுக்கிப் பிடிப்பதால் வருவதாக இருக்கலாம். நீட்டினால் கூடும். ரியூப் பயிற்சிதான் அவளுக்கு. வலைப்பந்து ஆடுகிற பிள்ளைகள் சிலரிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஈட்டி எறியப் பழகியதிலிருந்து தோள் நோகிறது.

எறிவதை நிறுத்துங்கள். நீட்டவும் வேண்டாம். 11 முதல் 16 வயது வரை மேற்கை எலும்பின் மேல் முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிராது, திரும்பத் திரும்ப எறிந்தால் அந்த இடம் புண்படும். வைத்தியசாலையில் காட்டுங்கள். ஓய்வு எடுத்தால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும், ஆனால் அந்த ஓய்வு மாதக் கணக்கில் போகலாம். ஆசிரியர்கள் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன், இரண்டு கிழமையில் அவசரமாகப் பழக்கி எறிய வைத்து ஒரு வருடம் கெட்டுப்போன பிள்ளையை எனக்குத் தெரியும்.

2009 போரில் காயப்பட்ட தோள். உள்ளே செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. நான் நீட்டலாமா?

வெளியூர்க் கோச்மார் எழுதுகிற குறிப்புகளில் இந்தக் கேள்வி இருக்காது. இங்கே ஒவ்வொரு மைதானத்திலும் கேட்கப்படுகிறது.

முதலில் எக்ஸ்ரே. துண்டு எங்கே நிற்கிறது, மூட்டுக்குள்ளா, நரம்புக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்திலா என்று வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் ஒன்றும் தொடங்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடம்பில் உலோகம் இருக்கிறது என்று அறைக்குள் போக முன்னரே சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பலமான காந்தம் அது, இரும்புத் துண்டை அசைக்கக்கூடும்.

அப்புறம் தழும்பைப் பாருங்கள். எங்களோடு ஆடுகிற ஒருவருக்குக் கமக்கட்டுக்குப் பின்னால் ஐந்து சதக் குற்றி அளவில் ஒரு தழும்பு. தோள் இறுக்கம் என்று வருடக்கணக்காகக் கையைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தேன், தூக்க வரவில்லை, கீழே தசையோடு தைத்து வைத்தது போல் ஒட்டிக் கிடந்தது. சுற்றியிருந்த தோல் வழுக்கியது, அது மட்டும் அசையவில்லை. மூட்டு அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. இயன்மருத்துவர் காட்டித் தந்தபடி தினமும் நல்லெண்ணெய் தொட்டு, தழும்பை நாலு பக்கமும் 5 நிமிடம் மெல்ல நகர்த்தி நகர்த்தி, மூன்று மாதத்தில் கை காதைத் தொடும் அளவுக்கு வந்தார். நீட்டும்போது கரண்ட் அடித்தது போல் கைக்குள் இறங்கினாலோ, விரல்கள் விறைத்தாலோ அந்த நிமிடமே விடுங்கள்.

ஊன்றுகோலில் நடந்துகொண்டு, இருந்தபடி எறிகிற விளையாட்டுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தோள் நாள் முழுக்கக் காலின் வேலையையும் பார்க்கிறது. அவர்களுக்கு நெஞ்சுத் துவாய் நீட்டலும் வாங்கு நீட்டலும் முதலில், பின்பக்க நீட்டல் பிறகு.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

இரவில் நித்திரையைக் குழப்புகிற நோ. கை தூக்கப் பலமில்லாமை. மூட்டு கழன்று திரும்புகிற உணர்வு. விரல் விறைப்பு. விழுந்த பிறகு தொடங்கிய நோ. இவற்றுக்கு நீட்டல் பதில் இல்லை. பரியாரியாரிடம் எண்ணெய் போடுவதில் எனக்கு மறுப்பில்லை, மூட்டை முறுக்கி நெட்டி எடுக்க மட்டும் விடாதீர்கள்.

கரப்பந்துக்காரருக்கு இன்னொன்று. சேட்டைக் கழற்றிவிட்டு முதுகை யாரிடமாவது காட்டுங்கள். அடிக்கிற பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல், மற்றப் பக்கத்தில் சதை இருக்கிற இடத்தில், குழி விழுந்திருக்கிறதா? அந்தத் தசைக்குப் போகிற நரம்பு நசிபட்டால் இப்படிச் சதை வற்றும். நோவே இல்லாமலும் வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

4 முதல் 6 கிழமை. கிழமைக்கு ஒரு நாள், ஆடாத நாளில், அதே நேரத்தில் பாயில் படுத்து அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஆடி முடித்த உடனே அளந்தால் குறைவாகத்தான் காட்டும், மனம் சோரும்.

தை, மாசியில் காலபோக வெட்டு. மைதானத்துக்கே வர நேரமில்லை, எல்லாம் வீணாகிவிடுமா?

ஆகாது. அந்த நாட்களில் அடி இல்லாததால் பின்பக்கம் ஓரளவு தானாகவே இளகும், மூட்டை தூக்குவதால் முதுகுத் தசைதான் இறுகும். அதனால் வாங்கு நீட்டலை விடாதீர்கள், வாங்கு இல்லாவிட்டால் வரம்பிலோ விறாந்தைத் திண்ணையிலோ முழங்கையை வைத்துச் செய்யலாம். இரவு பாயில் சரிந்ததும் கையைக் குறுக்கே போட்டு 30 விநாடி, 5 தடவை. ரியூப் கம்பத்திலேயே கட்டிக் கிடக்கட்டும். வேலை முடிந்து திரும்பி வரும்போது முதல் கிழமை பாதி வேகத்துக்கு மேல் அடிக்க வேண்டாம், வந்த அன்றைக்கே பாயில் படுத்து ஒரு தடவை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.